ஆவணப்படி துப்புரவுப் பணியாளர்

அனுப்புநர்:
கா. பாலகுரு, எம்.ஏ., பி.எட்.,
ஆங்கில ஆசிரியர் (சிவில் ஐடி அட்டையின்படி துப்புரவுப் பணியாளர்),
குயின்ஸ் டங் ஆங்கிலப் பயிற்சி மையம்,
அப்பாசியா, குவைத்.
சொந்த ஊர்: மானாமதுரை, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை,
சென்னை.

பொருள்: வேலை அனுமதியில் பதவி மாறிப் பதிவானது – முந்தைய மனுவில் நான் கேட்டதை மாற்றிக் கேட்பது – தொடர்பாக.

பார்வை:
1. எனது மனு, நாள் 03.10.2025.
2. கூடுதல் ஆவணம் கேட்டுத் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம், நாள் 14.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒரு விளக்கம். பார்வை ஒன்றில் கண்ட மனுவை நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். ஆங்கில ஆசிரியன் என்ற மிதப்பில், ஒரு சொல் போதுமான இடத்தில் மூன்று சொற்களை அடுக்கியிருந்தேன். அதைப் படித்துத் தங்கள் அலுவலக ஊழியர்கள் பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். இந்த மனுவைத் தமிழில் எழுதுகிறேன். இதில் சம்பந்தப்பட்ட இன்னொருவர் ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்த பிறகுதான் இதைத் தபாலில் சேர்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஏன் அவர் படிக்க வேண்டும் என்பது பத்தி 11-இல் வரும்.

2. என் பெயர் பாலகுரு. என் தகப்பனார் பெயர் கார்மேகம். எங்கள் மையத்தில் துப்புரவு வேலை பார்ப்பவரின் பெயர் கார்மேகம். அவருடைய தகப்பனார் பெயர் பாலகுரு. அவர் முதுகுளத்தூர் பக்கம். எங்களுக்குள் உறவு எதுவும் இல்லை. நம் ஊரில் இதெல்லாம் ஒரு சங்கதியே இல்லை. நான் கா. பாலகுரு, அவர் பா. கார்மேகம் என்றால் தபால்காரர்கூடக் குழம்ப மாட்டார். வளைகுடாவில் இனிஷியலுக்கு மரியாதை கிடையாது. அதை விரித்து, தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட வேண்டும். அப்படிப் போட்டதில் நான் பாலகுரு கார்மேகம் ஆனேன், அவர் கார்மேகம் பாலகுரு ஆனார். 2022 ஜனவரியில் இருவரும் ஒரே விமானத்தில், அடுத்தடுத்த இருக்கையில் குவைத்துக்கு வந்தோம். வழி முழுக்க நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஆசிரியர் வேலைக்குப் போகிறவன் அல்லவா.

3. இங்கே நிறுவனங்களின் அரசாங்கக் காரியங்களை அலைந்து முடித்துக் கொடுப்பவருக்கு மந்தூப் என்று பெயர். எங்கள் மந்தூப் கீழக்கரைக்காரரான திரு. ராஜிக். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். நாங்கள் வருவதற்கு முன்பே அவர் மேசையில் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்று ஆசிரியர் இடத்துக்கு, மற்றது துப்புரவு இடத்துக்கு. இரண்டிலும் அதே இரண்டு பெயர்கள் முன்னும் பின்னுமாக நின்றன. எந்தப் பாஸ்போர்ட் நகலை எதில் சேர்ப்பது என்பதில் அவருக்குக் கை தவறியது. அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பல மாதம் அலைந்து நான் சான்றொப்பம் வாங்கிய எம்.ஏ. பட்டத்தின் நகல் கார்மேகத்தின் கோப்பில் போய்ச் சேர்ந்தது. பட்டத்தில் உள்ள இரண்டு பெயர்களும் அவருக்கும் பொருந்தியதால் யாரும் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. விசா அரபியில் இருந்தது. ஊரில் இருந்த ஏஜெண்ட் எல்லாம் ஓகே என்றார். இரண்டு மொழிகளில் புலமை உள்ள நான் அந்த மூன்றாவது மொழிக் காகிதத்தை வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

4. சிவில் ஐடி அட்டை கைக்கு வந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. என் அட்டையில் துப்புரவுப் பணியாளர். அவர் அட்டையில் ஆங்கில ஆசிரியர். மைய இயக்குநர் திரு. விஜயபாஸ்கர் அவர்களிடம் ஓடினேன். அவர் இதற்கு முன் ஜன்னல் திரைச்சீலை வியாபாரம் செய்தவர். ஆங்கிலத்தோடு அவருக்குள்ள உறவும் அந்த வகைதான். உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் மறைக்க அது உதவும் என்று நம்புகிறார். என் அட்டையைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு திருவாய் மலர்ந்தார்: "மாஃபி முஷ்கில் பாலா. பேப்பர் பேப்பரா இருக்கட்டும், டூட்டி டூட்டியா இருக்கட்டும். கலாஸ்." பிரச்சினை இல்லை, விஷயம் முடிந்தது என்று அர்த்தம். இந்த மூன்று வாக்கியங்களில் நான்கு வருடம் ஓடிவிட்டது.

5. நான் பார்க்கும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலை நான்கு மணி முதல் ஒன்பது வரை ஐந்து பேட்ச். நர்ஸுகள், டிரைவர்கள், மளிகைக் கடைக்காரர்கள், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள். பாடப்புத்தகம் இங்கிலாந்தில் அச்சானது. ஐம்பது டிகிரி வெயிலில் வந்து உட்காரும் சிமெண்ட் லாரி டிரைவருக்கு, பனி பெய்தால் கையுறையை எங்கே வாங்குவது என்று கேட்கக் கற்றுக்கொடுக்கிறேன். அவரும் பவ்யமாகக் கேட்டுக்கொள்கிறார். ஆசிரியர் என்றால் டை கட்ட வேண்டும் என்பது இயக்குநரின் கொள்கை. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் எலாஸ்டிக் டை ஒன்றை மையத்தின் செலவில் வழங்கியிருக்கிறார். நான்கு வருடத்தில் மையம் எனக்குச் செய்த ஒரே செலவு அது. மையத்தின் விளம்பரத் தாளில் மஞ்சள் முடியும் நீலக் கண்ணுமாக ஒருவர் புன்னகை செய்கிறார். அவர் யார் என்று இயக்குநருக்கே தெரியாது, இணையத்தில் கிடைத்தவர். புதிதாகச் சேர வருகிறவர்கள் அவரைத்தான் தேடுவார்கள். நான் உள்ளே நுழைந்ததும் நாற்காலியைத் துடைக்க வந்தவன் என்று நினைத்துக் காலைத் தூக்கிக்கொண்டவர்கள் உண்டு. அட்டையின்படி அவர்கள் நினைத்ததில் தவறில்லை.

6. அட்டையில் உள்ள வேலையும் செய்கிற வேலையும் ஒன்றா என்று பார்க்க அவ்வப்போது ஆய்வாளர்கள் வருவார்கள். கட்டடத்தின் கீழே உள்ள பக்காலாவின், அதாவது மளிகைக் கடையின், கடைக்காரர்தான் எங்களுக்கு மணி அடிப்பவர். "பாய், செக்கிங்!" என்று அவர் போனில் சொன்னதும், இயக்குநர் "யல்லா, ஜல்தி!" என்று தாழ்வாரத்தில் கத்துவார். எங்களுக்கு இருப்பது மூன்று நிமிடம். என் கழுத்தில் உள்ள டை கார்மேகத்தின் கழுத்துக்குப் போகும். அவர் கையில் உள்ள மாப் என் கைக்கு வரும். அவர் வகுப்புக்குள் போவார், நான் கழிவறைப் பக்கம் போவேன். மாணவர்கள் முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வார்கள். இதுவரை ஏழு முறை இந்த நாடகம் நடந்திருக்கிறது. எந்த ஆய்வாளரும் எங்களிடம் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. காகிதத்தையும் மனிதரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இரண்டும் ஒத்துப்போயின, போய்விட்டார்கள். ஒத்துப்போகும்படி நின்றவர்கள் நாங்கள்தான்.

7. முதல் முறை நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வயதான ஆய்வாளர் ஒருவர் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்து நின்றார். நான் மாப்பைப் பிழியாமல் இழுத்துக்கொண்டு போனதில் எனக்குப் பின்னால் ஒரு குளமே தேங்கியிருந்தது. அவர் தம் வெள்ளை அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் கையிலிருந்து மாப்பை வாங்கி, வாளியில் வைத்து எப்படி அழுத்திப் பிழிவது என்று காட்டிக் கொடுத்தார். நான் நன்றி சொன்னேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு இந்தப் பாடம் வைத்திருக்கவில்லை. அன்று வகுப்பறையில் கார்மேகம் தொண்டை கட்டிவிட்டதாகச் சைகை காட்டித் தப்பித்தார். நான்கு வருடமும் ஒருவருக்குத் தொண்டை கட்டியிருக்க முடியாது என்பதால், அவருக்கு ஒரே ஒரு பாடத்தை மனப்பாடம் செய்விக்குமாறு இயக்குநர் எனக்கு ஆணையிட்டார்.

8. நாற்பத்திரண்டாம் பக்கத்துப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். தலைப்பு "என் வீடு." மொத்தம் எட்டு வாக்கியங்கள். நான் ஒரு சிறிய வீட்டில் வசிக்கிறேன், என் மனைவியும் மகளும் என்னோடு இருக்கிறார்கள், மாலையில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்ற ரீதியில் போகும். வெள்ளிக்கிழமைகளில் ஸ்டோர் ரூமில் பினாயில் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவருடைய உச்சரிப்பை வீடியோ அழைப்பில் என் மனைவி சந்தியாவுக்கு நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன். அவரைப் பற்றி எனக்கிருந்த எண்ணம் இவ்வளவுதான் என்பதை ஆணையர் அவர்கள் அறிய வேண்டும். ஆனால் எட்டே வாக்கியம் தெரிந்த அந்த மனிதர், அந்த எட்டையும் ஒவ்வொரு மாணவரிடமும் போய் நின்று, அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து சொல்ல வைத்தார். ஒரு ஆய்வாளர் வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் மிகுந்த பொறுமைசாலி என்று எழுதிவிட்டுப் போனார். மறுவாரம் ஒரு நர்ஸ் என்னிடமே வந்து, அந்த சார் மறுபடி எப்போது வகுப்பு எடுப்பார் என்று கேட்டார். என் பாடத்தைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் எவரும் இதுவரை எதுவும் எழுதியதில்லை.

9. சம்பளமும் அட்டைப்படிதான் வங்கியில் விழும். அதனால் அவருடைய ஏடிஎம் அட்டை என்னிடமும் என்னுடையது அவரிடமும் இருக்கின்றன. இதில் இந்நாள்வரை எங்களுக்குள் ஒரு தகராறுகூட எழுந்ததில்லை. இயக்குநர் அவர்களைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் எழுத எனக்கு ஆசைதான், முடியவில்லை.

10. 2024-இல் இங்கே குடும்ப விசா மீண்டும் திறக்கப்பட்டது. எல்லா வேலைக்காரரும் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ள முடியாது. பட்டமும் அதற்கேற்ற பதவியும் அட்டையில் இருக்க வேண்டும். எனக்குப் பட்டம் இருக்கிறது, பதவி இல்லை. கார்மேகத்துக்கு, காகிதத்தில், இரண்டும் இருக்கின்றன. ஒரு நாள் அவர் மாப்பைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, "சார், இந்த அட்டைக்குக் குடும்பத்தைக் கூப்பிடலாம்னு ராஜிக் பாய் சொல்றாரு. போட்டுப் பாக்கட்டா சார்?" என்று கேட்டார். நான் உள்ளுக்குள் சிரித்தேன். எட்டு வாக்கிய ஆசிரியருக்கு யார் விசா கொடுப்பார்கள்? தள்ளுபடியானால் இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு வரும் என்று கணக்குப் போட்டு, விண்ணப்பத்தை ஒரு பிழை இல்லாமல் நானே ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்தேன். பதினெட்டாம் நாள் விசா வந்துவிட்டது. அவர் மனைவி பஞ்சவர்ணமும் மகள் நாகவள்ளியும் அப்பாசியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு ஃபிளாட்டை மூன்றாகத் தடுத்த இடத்தில் ஒரு பங்கு அவர்களுடையது. பஞ்சவர்ணம் எங்களைப் போன்ற ரூம்காரர்கள் பதினோரு பேருக்குச் சாப்பாடு செய்து கேரியரில் அனுப்புகிறார். அதில்தான் அந்தக் குடும்பம் நிற்கிறது. நாகவள்ளி இங்குள்ள இந்தியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. என் மகள் அருணாவுக்கும் அதே வயது. அவள் மானாமதுரையில் ஒன்றாம் வகுப்பு. நான் ஊரை விட்டு வந்தபோது அவளுக்கு இரண்டரை வயது. இப்போது போனில் என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்கிறாள். விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி.

11. எனவேதான் பார்வை ஒன்றில் கண்ட மனுவை எழுதினேன். இரண்டு பதவிகளையும் உடனடியாக இடம் மாற்றிப் பதிய வேண்டும், என் பட்டம் என் கோப்புக்கு வர வேண்டும் என்று கேட்டேன். அதே சமயம் இயக்குநரிடமும், இதை எழுத்தில் கொண்டுபோவேன் என்று சொன்னேன். எழுத்து என்றதும் திரைச்சீலைக்காரருக்கு வியர்த்துவிட்டது. மையத்தின் உரிமத்தில் ஆசிரியர் இடம் ஒன்றுதான் இருக்கிறது, டிசம்பர் புதுப்பித்தலின்போது அதை உன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்றார். மாற்றினால் கார்மேகம் துப்புரவுப் பணியாளர் ஆவார், பஞ்சவர்ணமும் குழந்தையும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று ராஜிக் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அது என் தலைவலி இல்லை என்று பதில் சொன்னேன். தங்கள் அலுவலகம் முறைப்படி கார்மேகத்தின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டது. அது சரியான கேள்வி. அதற்கு நான் செய்த காரியம்தான் சரியில்லை. கடிதத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு, அக்டோபர் 20 அன்று காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். அன்று தீபாவளி. பஞ்சவர்ணம் வாழை இலைக்குப் பதிலாகப் பேப்பர் தட்டில் இட்லியும் கறிக்குழம்பும், கூடவே இரண்டு சுழியமும் வைத்தார். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கடிதத்தை நீட்டினேன். கார்மேகம், "சார் குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில்தான் போட்டார். அந்தக் கையெழுத்தையும் அவருக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

12. அந்தக் கடிதத்தை உடனே அனுப்பியிருக்கலாம். பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். தபால் அலுவலகத்தில் கூட்டம், வகுப்பு அதிகம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

13. அக்டோபர் 30, வியாழக்கிழமை மாலை ஏழாவது முறையாகச் செக்கிங் வந்தது. டை அங்கே போயிற்று, மாப் இங்கே வந்தது. நான் வகுப்பறை வாசலில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கார்மேகம் நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் தொடங்கினார். நான் ஒரு சிறிய வீட்டில் வசிக்கிறேன். என் மனைவியும் மகளும் என்னோடு இருக்கிறார்கள். இதே வாக்கியங்களை நான் நான்கு வருடமாக, ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஒரு பிழையில்லாத உச்சரிப்பில் சொல்லிவருகிறேன். என் வாயில் அவை அத்தனையும் பொய். அவர் வாயில் இப்போது எட்டும் உண்மை. ஆய்வாளர் நிற்கிறார் என்ற பயமே அவர் குரலில் இல்லை. வீட்டுக் கதையைச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். எட்டு வாக்கியமும் முடிந்தது. வழக்கமாக அங்கே நிறுத்திவிடுவார். அன்று நிறுத்தவில்லை. பாடத்தில் இல்லாத, நான் சொல்லித்தராத ஒன்பதாவது வாக்கியம் ஒன்றை அவராகச் சொன்னார். என் மனைவி ஒரு சகோதரருக்கும் சேர்த்துச் சமைக்கிறார், அவர் வீட்டு ஆட்கள் தூரத்தில் இருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று இலக்கணப் பிழைகள் இருந்தன. நான் எண்ணினேன். ஒன்றைக்கூடத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. மாப்பைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலிலேயே நின்று அழுதேன். அந்தப் பக்கம் வந்த ஆய்வாளர் பினாயில் நெடி என்று நினைத்திருப்பார். ஜன்னலைத் திறந்து விட்டுப் போனார்.

14. மறுநாள் வெள்ளிக்கிழமை அவரை ஸ்டோர் ரூமுக்கு அழைத்து, அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைத் தமிழில் வரிவரியாகச் சொன்னேன். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் ஒரு பினாயில் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார். பிறகு, "உங்க படிப்பு சார். உங்களுதுதானே, எடுத்துக்குங்க. பிள்ளைக்கு மார்ச்சுல பரீட்சை. அதுவரைக்கும் மட்டும் இருக்கலாமான்னு கேட்டுப் பாருங்க" என்றார். அன்று மத்தியானமும் எனக்குக் கேரியர் வந்தது. அன்று அதைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை.

15. அன்று மாலையே நடந்ததை எல்லாம் என் மனைவிக்குச் சொன்னேன். நான் உச்சரிப்பை நடித்துக் காட்டியபோது சிரித்தவள், இப்போது சிரிக்கவில்லை. என் மனைவி மானாமதுரையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள், விசாவுக்காக நான்கு வருடத்தில் பாஸ்போர்ட் போட்டோ மூன்று முறை எடுத்தவள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அந்தப் பொம்பளையக் கிளப்பிட்டு அந்த எடத்துல நான் வந்து உக்கார மாட்டேன். முடிஞ்சா புதுசா ஒரு எடம் வாங்குங்க. முடியலன்னா நாங்க அங்க வரணும்னு என்ன இருக்கு, நீங்க வாங்க." பட்டம் வாங்கியவன் நான். நான்கு வருடமாக எனக்குத் தோன்றாதது அவளுக்கு ஒரு நிமிடத்தில் தோன்றியது.

16. நடந்தது சட்டப்படி சரியா என்று கேட்டால் சரியில்லை. எனக்கும் தெரியும். பாஸ்போர்ட் நகலை மாற்றி வைத்தவர் ஒருவர். திருத்த மறுத்தவர் ஒருவர். தெரிந்தும் டையைக் கழற்றிக் கொடுத்தவன் நான். இந்த மூவரில் எவருக்கும் எந்தச் சேதமும் இல்லாமல், இட்லி சுட்டு அனுப்பிய பெண்ணும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் மட்டும் விமானம் ஏற வேண்டும் என்பதுதான் திருத்தம் என்றால், அந்தத் திருத்தத்தைக் கேட்டு எழுதியவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

17. ஆகவே என் கோரிக்கைகளைக் கீழ்க்கண்டவாறு மாற்றிக்கொள்கிறேன்.

(அ) பார்வை ஒன்றில் கண்ட மனுவை நான் திரும்பப் பெறுகிறேன். கார்மேகத்தின் ஒப்புதல் கடிதம் அவருக்குத் தெரியாமல் வாங்கப்பட்டது, அது செல்லாது. இரண்டாகக் கிழித்து இத்துடன் இணைத்துள்ளேன்.

(ஆ) மையத்துக்கு இரண்டாவது ஆசிரியர் இடம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க விதியில் இடமுண்டு என்று ராஜிக் சொல்கிறார். அலைச்சல் என்பது மட்டுமே இயக்குநரின் ஆட்சேபணை. டிசம்பர் 31-க்குள் அந்த இடத்துக்கு விண்ணப்பித்து, அதில் என்னைப் பதியுமாறு, தூதரகத்தின் வழியாகவோ தங்களுக்குத் தோன்றும் வேறு வழியிலோ அவருக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். தாங்கள் அனுப்பும் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது. அவருக்குப் புரியாது, அதனால் பயப்படுவார்.

(இ) அது முடியாமல் போனால், சான்றொப்பம் பெற்ற நகல் கார்மேகத்தின் கோப்பிலேயே இருக்கட்டும்; இயக்குநரின் இழுப்பறையில் உள்ள என் மூலப் பட்டத்தை மட்டும் வாங்கிக் கொடுத்து, என்னை ஊருக்கு அனுப்பி வைக்க ஆவன செய்யுங்கள். அட்டையில் உள்ளபடி துப்புரவுப் பணியாளராகவே திரும்புகிறேன். எனக்கு அதில் இப்போது வெட்கம் இல்லை.

(ஈ) எந்த நிலையிலும் இம்மனுவைக் காரணம் காட்டி பஞ்சவர்ணம், நாகவள்ளி ஆகியோரின் விசாவில் கை வைக்கலாகாது. யாரையாவது விசாரித்தே ஆக வேண்டும் என்றால் என்னை விசாரியுங்கள். மாலை நான்கு மணிக்கு முன்பு எப்போது கூப்பிட்டாலும் வருவேன்.

கோபத்தில் எழுதிய முதல் மனுவுக்கு மரியாதையாகப் பதில் அனுப்பிய தங்கள் அலுவலகம், வெட்கத்தில் எழுதிய இந்த மனுவுக்கும் டிசம்பருக்குள் ஒரு பதில் தரும் என்று நம்பிக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கா. பாலகுரு
(ஒப்பம்)

இடம்: அப்பாசியா, குவைத்.
நாள்: 10.11.2025

இணைப்புகள்:
1. என் சிவில் ஐடி அட்டையின் நகல்.
2. ஒப்புதல் கடிதம், இரண்டு துண்டுகள்.
3. எம்.ஏ. பட்டத்தின் நகல்.

இம்மனுவைப் படித்துப் பார்த்தவரின் குறிப்பு (அவர் கைப்பட எழுதியது):

ஐயா, மேலே உள்ளதை முழுக்கப் படிச்சேன். ரெண்டு நாள் ஆச்சு. எல்லாம் உண்மைதான். சாருக்கு மாப் பிடிக்கத் தெரியாதுன்னு எழுதியிருக்கறது மட்டும் பழைய கதை, இப்ப என்னைவிட நல்லாத் துடைப்பார். (இ) வேண்டாம் ஐயா, (ஆ) குடுங்க. சார் வீட்ல இருந்து ரெண்டு பேரும் வருவாங்கன்னு பஞ்சவர்ணம் ரெண்டு தட்டு கூடுதலா வாங்கி வச்சிருக்கு.

பா. கார்மேகம்
ஆங்கில ஆசிரியர் (ஆவணப்படி)